ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேளை

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப தின நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



'வேலையும் பிள்ளைகளும்' என்ற பொருளில் பேசும்படி விழாக் குழுவினர் பணித்தார்கள். பொருள் பெரிது, கொடுத்திருக்கும் நேரமோ அரைமணி. இன்று அரைநைட்டுக்குப் போக வேண்டியவர்களும் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஆகையால் அந்தப் பெரிய மரத்தில் ஒரு கிளையை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். பிள்ளைகளோடு இருப்பது வேறு. ஒவ்வொரு பிள்ளையோடும் இருப்பது வேறு. இந்த இரண்டாவதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பாலகனாகிய இயேசு, பாஸ்காத் திருவிழாவுக்குத் தம் பெற்றோருடன் எருசலேமுக்குப் போகிறார். திருவிழா முடிந்து எல்லோரும் திரும்புகிறார்கள். அவர் மட்டும் அங்கேயே தங்கிவிடுகிறார். தேவமாதாவும் சூசையப்பரும் ஒரு நாள் பயணம் முழுவதும் அவரைத் தேடவில்லை. காரணத்தை நற்செய்தியாளரே சொல்கிறார்: பயணக் கூட்டத்தில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பெற்றோருக்கு அன்பு குறைவு என்று சொல்ல நம்மில் யார் துணிவோம்? அன்பு நிறைந்த பெற்றோருக்கும் 'கூட்டத்தோடு இருக்கிறான்' என்ற நினைப்பு ஒரு நாள் முழுவதும் கண்ணை மறைத்துவிட்டது. கண்டுபிடித்த பிறகு அவர்கள் செய்ததையும் கவனியுங்கள். அடிக்கவில்லை. 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்று கேட்டார்கள். பதிலைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். அந்தப் பதில் அவர்களுக்கு விளங்கவில்லை என்றும் நற்செய்தி ஒளிக்காமல் சொல்கிறது. விளங்காததையும் தாய் தன் உள்ளத்தில் வைத்துக் காத்தாள்.

நம் வீடுகளில் அந்தப் பயணக் கூட்டம் எது? சாயங்காலம் எல்லோரும் ஒரே அறையில் இருக்கிறோம். தொலைக்காட்சி ஓடுகிறது, கைப்பேசி கையில் இருக்கிறது, பெரியவன் வீட்டுப்பாடம் எழுதுகிறான், சின்னவள் சாப்பிட அடம் பிடிக்கிறாள். பிள்ளைகள் கண்ணெதிரே இருக்கிறார்கள் என்ற நிம்மதியில் நாம் நாள் கணக்காக, மாதக் கணக்காகப் பயணம் போய்க்கொண்டிருக்கிறோம்.

இனி நம் ஊர்ப் பிழைப்பைச் சற்றுப் பார்ப்போம். பி.ஏ.சி. ராமசாமி ராஜா அவர்கள் 1936இல் ராஜபாளையம் மில்லைத் தோற்றுவித்தார். மில்கள் பெருகப் பெருக இந்த ஊரின் குடும்பங்கள் சங்குச் சத்தத்துக்கு எழுந்து, சங்குச் சத்தத்துக்கு உறங்கப் பழகின. பகல், அரைநைட்டு, முழுநைட்டு என்று மில்லில் மட்டுமா மூன்று ஷிப்டு? வீட்டிலும் மூன்று ஷிப்டுதான். அப்பா முழுநைட்டு முடித்து வந்து படுக்கும்போது பிள்ளை பள்ளிக்குப் புறப்படுகிறது. அவர் எழுந்திருக்கும்போது பிள்ளை டியூஷனில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவு 7 மணிக்குமேல் காலை 6 மணிவரை வேலைக்கு வைக்கலாகாது என்று விதித்திருந்தது. அந்த விதி செல்லாது என்று 2000ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்களுக்கு வேலை வாய்ப்பில் சமஉரிமை என்ற வகையில் அது நல்ல தீர்ப்பே. ஆனால் அம்மா இரவு வேலைக்குப் போகும் வீட்டில், நள்ளிரவில் கெட்ட கனாக் கண்டு எழும் பிள்ளையின் பக்கத்தில் யார் இருப்பார் என்பதைத் தீர்ப்பு எழுதியவர்கள் தீர்மானிக்க முடியாது. வீட்டார்தான் தீர்மானிக்க வேண்டும்.

மில் வேலை ஒரு வகை. சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் போனால் வீட்டை ஒட்டியே விசைத்தறி. நாட்டின் பல மாநில ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிற ஊர் அது. தறி ஓடும்போது பக்கத்தில் நின்று பேசுகிறவரின் வாயசைவுதான் தெரியும், சொல் கேட்காது. தளவாய்புரத்தில் தையல் மெஷின். எத்தனை நைட்டி தைத்தோமோ அத்தனைக்குக் காசு. பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தால் உருப்படி குறையும், உருப்படி குறைந்தால் கூலி குறையும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடாய்க்கு முன்னால் நிற்பவர் இரண்டு நிமிடம் கிண்டுவதை நிறுத்தினால் பால் அடிப்பிடித்துவிடும். ஆக, 'நேரம் ஒதுக்குங்கள்' என்று வெறுமனே உபதேசம் செய்வது எளிது. உங்கள் பிழைப்பைத் தெரிந்தவன் அப்படிச் சொல்ல மாட்டான்.

'அந்தக் காலத்தில் இப்படியா? பிள்ளைகள் எப்போதும் பெற்றோர் கூடவே இருந்தார்களே' என்று சில பெரியவர்கள் ஏங்குவதுண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு ஒரு பழைய தகப்பனாரைத் தெரியும். பெரியாழ்வார் நந்தவனம் வைத்து மாலை கட்டியவர். அந்த நந்தவனத்திலேயே கண்டெடுத்த பெண்குழந்தையை வளர்த்தவர். அவருடைய தொழிலும் மகளுடைய விளையாட்டும் ஒரே தோட்டத்தில் நடந்தன என்று நம் இந்துச் சகோதரர்களின் வரலாறு சொல்கிறது. அழகான வாழ்க்கைதான். ஆனால் எல்லாக் கூடவே இருத்தலும் அப்படி அழகானதல்ல. இதே நம் மாவட்டத்தில், தீப்பெட்டி ஆபீசுக்குத் தாயோடு பிள்ளையும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்கிய காலமும் இருந்தது. விடியுமுன் பஸ் வந்து சிறுவர்களை ஏற்றிக்கொண்டு போன காலமும் இருந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்ததும், பள்ளிகள் பெருகியதும், எத்தனையோ நல்லவர்கள் பாடுபட்டதும் சேர்ந்துதான் அதைக் குறைத்தன. தாயும் பிள்ளையும் பத்து மணி நேரம் அருகருகே இருந்தார்கள். அதில் பத்து நிமிடம்கூடப் பிள்ளைக்கென்று இருக்கவில்லை. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நாம் செபிக்கப் போவதில்லை.

ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒரு பிள்ளை தனியே தவித்தது என்பதற்கு ஒரு புனிதையின் வீட்டையே சாட்சியாகக் காட்டலாம். நம் வீடுகளில் சிறுமலர் தெரேசம்மாள் படம் இல்லாத வீடு அரிது. அவருடைய தாய் செலி மார்ட்டினைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்த அம்மாள் வேலைக்காரி. நம்மைப் போல, தொழில் செய்து பிழைத்தவர். பிரான்சு நாட்டின் அலான்சோன் நகரில் லேஸ் பின்னும் தொழிலை 1853 அளவில் தொடங்கினார். ஊர்ப் பெண்கள் பலர் தத்தம் வீடுகளில் துண்டு துண்டாக லேஸ் பின்னி, வியாழக்கிழமைகளில் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்தத் துண்டுகளைத் தையல் தெரியாதபடி ஒன்றாக இணைப்பது செலி அம்மாளின் கைவேலை. ஆர்டர் வந்தால் குறித்த நாளில் முடித்தாக வேண்டும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற நம் தாய்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1858இல் கடிகாரத் தொழில் செய்த லூயி மார்ட்டினை மணந்தார். ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள். நால்வரைச் சிறு வயதிலேயே புதைத்தார்கள். ஐந்து பெண்கள் மிஞ்சினர். மனைவியின் தொழில் பெருகியதும், 1870இல் கணவர் தம் கடிகாரக் கடையை உறவினருக்கு விற்றுவிட்டு மனைவியின் தொழிலுக்குத் துணை நின்றார். நம் ஊர் ஆண்மக்கள் இந்த வரியைச் சற்று நிதானமாக மனத்தில் வாங்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஐவரில் மூன்றாமவள் லெயோனி. 1863இல் பிறந்தாள். அடிக்கடி நோய், படிப்பு ஏறவில்லை, சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. அக்காமார் இருவரும் படித்த மடத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். வைத்துக்கொள்ள முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்டாள். அத்தனை பக்தியுள்ள தாய்க்கு இந்த ஒரு பிள்ளை பெருங்கவலை. தாய் எழுதிய கடிதங்கள் இருநூறுக்குமேல் இன்றும் இருக்கின்றன. அவற்றில் இந்தக் கவலை திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டில் வேலைக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். லெயோனி அவள் சொன்னால் மட்டும் அடங்குவாள். 'இவளாவது பிள்ளையை அடக்குகிறாளே' என்றே வீட்டார் நினைத்திருந்தார்கள்.

1877ஆம் ஆண்டு மூத்த மகள் மரி உண்மையைக் கண்டுபிடித்தாள். அந்த வேலைக்காரப் பெண் யாருக்கும் தெரியாமல் பிள்ளையைப் பயமுறுத்தித் தன் பிடியில் வைத்திருந்தாள். தாயிடம் அண்டவிடாமல் செய்ததும் அவளே. இது நடந்தது எங்கே? தாய் லேஸ் தைத்துக்கொண்டிருந்த அதே வீட்டுக்குள். சுவரின் இந்தப் பக்கம் தாய், அந்தப் பக்கம் பிள்ளை.

தாய்க்கு அப்போது மார்பில் புற்றுநோய் முற்றியிருந்தது. பிள்ளையை அந்தப் பெண்ணின் பிடியிலிருந்து விலக்கித் தம் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அதன்பின் நடந்ததுதான் அதிசயம். முரட்டுப் பிள்ளை என்று பெயரெடுத்தவள் தாயை விட்டு நகரவில்லை. போகிற இடமெல்லாம் பின்னாலேயே போனாள். இந்தப் பிள்ளைக்காகவாவது இன்னும் கொஞ்சம் உயிரோடிருக்க வேண்டும் என்று தாய் ஏங்கினார். அந்த ஆகஸ்ட் 28ஆம் நாள் இறந்துபோனார். அவர்கள் இருவருக்கும் கிடைத்தது சில மாதங்கள் மட்டுமே. அந்தச் சில மாதங்களின் ஊட்டம் ஓர் ஆயுளுக்குப் போதுமானதாயிற்று. லெயோனி துறவு மடத்தில் சேர முயன்று மூன்று முறை திரும்பி வந்தார்; தளராமல் 1899இல் மீண்டும் போய் மடத்தில் நிலைத்தார்; 1941இல் நற்பெயரோடு இறந்தார். அவருக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கான விசாரணை 2015இல் தொடங்கியது. பெற்றோர் இருவரையும் அதே 2015ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசு புனிதர்களாக உயர்த்தினார்.

செலி அம்மாளைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. புனிதையின் கண்ணுக்கே தப்பியது நம் கண்ணுக்குத் தப்பாதா என்பதற்காகச் சொல்கிறேன். பிள்ளைக்கு நேரும் கொடுமைகள் பெரும்பாலும் தெரிந்தவர்களாலேயே நேருகின்றன என்பது இன்று எல்லாரும் அறிந்த செய்தி. அண்டை வீட்டார், உறவினர், வேனில் ஏற்றிப் போகிறவர், பாடம் சொல்லித் தருகிறவர் என்று யாராகவும் இருக்கலாம். 2012இல் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தது. 1098 என்ற எண்ணுக்கு யாரும் காசில்லாமல் போன் செய்யலாம். இந்த எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். ஆனால் சட்டத்துக்கும் எண்ணுக்கும் முன்னால், பிள்ளை ஒருவரிடமாவது வாய்திறந்து சொல்ல வேண்டும். அண்ணன் தம்பி நடுவில், பாட்டி முன்னிலையில், தொலைக்காட்சிச் சத்தத்தில் எந்தப் பிள்ளையும் அதைச் சொல்லாது. தனியே இருக்கும்போதும் முதல் நாளே சொல்லாது. பத்து நாள் பூனைக்குட்டியைப் பற்றியும் பக்கத்துப் பெஞ்சுப் பையனைப் பற்றியும் பேசும். அந்தப் பத்து நாளும் நீங்கள் கேட்டிருந்தால், பதினோராம் நாள் அது சொல்லும்.

அப்படியானால் எவ்வளவு நேரம்? பயப்படாதீர்கள், மணிக்கணக்கில் அல்ல. இங்கிலாந்தில் சூசன்னா வெஸ்லி என்றோர் அம்மாள் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இருந்தார். நம் சபையைச் சேர்ந்தவரல்லர். மெதடிஸ்ட் சபையைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லியின் தாய். நல்லது எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்வோம். பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று ஏறக்குறையப் பாதிப் பேரை இழந்தவர். கணவர் வெளியூரில் இருந்த காலத்தில் வாரத்தின் ஒவ்வொரு மாலையையும் ஒரு பிள்ளைக்கென்று பங்கிட்டு வைத்தார். ஜானுக்கு வியாழக்கிழமை. அந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவராகிய பிறகும், அந்த வியாழக்கிழமை மாலையின் ஒரு பகுதி இன்னும் எனக்குக் கிடைக்காதா என்று தாய்க்கு எழுதினார். தாய் என்ன பேசினார் என்பதைவிட, 'இது என் கிழமை' என்ற உறுதி அந்தப் பிள்ளைக்கு இருந்ததைப் பாருங்கள்.

நமக்கும் கிழமை வைத்துக்கொள்ளலாம். ஷிப்டு வாரத்துக்கு வாரம் மாறுவதால் கிழமை சரிப்படாது என்பீர்கள். சரி, ஷிப்டோடு சேர்த்தே மாற்றுங்கள். அரைநைட்டு வாரத்தில் காலை வேளை உங்களுடையது. பள்ளிக்கு நடக்கும் தூரம் ஒரு பிள்ளைக்கு. பகல் ஷிப்டு வாரத்தில் மாலை பால் வாங்கப் போகும்போது இன்னொரு பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து விடுவது தாய்மார் தனித்தனியாகச் செய்கிற காரியம்தானே. அதை அவசர அவசரமாக முடிக்காமல் இருந்தாலே பாதி வேலை நடந்துவிடும். திருப்பூரிலோ அரபு நாட்டிலோ வேலை பார்க்கும் தகப்பனார்கள் போன் செய்யும்போது எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக நிற்க வைத்து ஸ்பீக்கரில் போடுகிறார்கள். 'நல்லா இருக்கியா, நல்லாப் படி' என்பதோடு முடிந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு ஒரு பிள்ளையிடம் மட்டும் போனைக் கொடுத்து, மற்றவர்களை வெளியே விளையாட அனுப்புங்கள். காசு ஒன்றும் கூடாது.

யாருக்கு நேரம் கிடைப்பதில்லை என்பதையும் பாருங்கள். தகப்பனின் வண்டியில் முன்னால் உட்கார்ந்து கடைத்தெருவுக்குப் போவது பெரும்பாலும் மகன்தான். மகள் வீட்டில் பாத்திரம் துலக்குகிறாள். மூத்தவனிடம் பொறுப்பைப் பேசுகிறோம், கடைக்குட்டியைக் கொஞ்சுகிறோம். நடுப்பிள்ளைக்குச் சட்டை மட்டும் அண்ணனுடையது வந்து சேருகிறது. நோயாளிப் பிள்ளையோ ஊனமுற்ற பிள்ளையோ இருக்கும் வீட்டில் தாயின் நேரம் முழுவதும் அதற்கே போகிறது, அது நியாயமும்கூட. ஆனால் பக்கத்தில் ஒன்றும் கேட்காமல் வளரும் பிள்ளையை 'இது தங்கம், தொந்தரவே கிடையாது' என்று புகழ்ந்துவிட்டு நகர்கிறோம். தொந்தரவில்லாத பிள்ளையைத்தான் நான் ஆசிரியன் என்ற முறையில் அதிகம் கவனிப்பேன்.

ஊதாரி மைந்தன் கதையில் தந்தை இளையவனை எதிர்கொண்டு ஓடியதை ஒவ்வொரு தவக்காலத்திலும் கேட்கிறோம். வீட்டிலேயே இருந்து வயலில் உழைத்த மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நின்றபோது, அதே தந்தை விருந்தை விட்டு எழுந்து வெளியே வந்ததை அவ்வளவாகக் கேட்பதில்லை. இரண்டு பிள்ளைகளுக்காக இரண்டு தடவை வாசல் தாண்டினார். 'இரண்டு பேரும் என் பிள்ளைகள்தானே, உள்ளே வந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. மூத்தவனிடம் தனியே நின்று, அவன் மனக்குறை முழுவதையும் கேட்ட பிறகே பேசினார்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிசு, தம்மிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்த இளம் பெற்றோரிடம் 'பிள்ளைகளோடு விளையாடுகிறீர்களா?' என்று கேட்பது வழக்கமாக இருந்தது என்று பல தடவை சொன்னார். 'காலையில் நான் புறப்படும்போது தூங்குகிறார்கள், இரவு வரும்போதும் தூங்குகிறார்கள்' என்ற பதில்தான் வருமாம். அது ரோமாபுரிக்கு மட்டும் உரிய பதிலா? குடும்பத்தைக் காப்பாற்றும் கூலியும் ஞாயிறு ஓய்வும் தொழிலாளியின் உரிமை என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இலேயே நிருபம் எழுதினார். கூலி பற்றாதபோது ஓவர்டைம் பார்க்கிற தகப்பனை யாரும் பழிக்க முடியாது. ஆனால் ஓவர்டைம் கடனுக்கா, இல்லை பக்கத்து வீட்டில் வாங்கிய பெரிய டி.வி.க்கா என்பதை அவரவர் வீட்டிலேயே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இறுதியாகப் பங்குக்கே ஒரு வேண்டுகோள். லூயி மார்ட்டின் வியாபார நட்டத்தையும் பாராமல் ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்தார். தாயில்லாத தெரேசம்மாளை, பிற்காலத்தில் லிசியே நகரில், நாள்தோறும் பிற்பகல் கையைப் பிடித்து உலாவ அழைத்துப் போனார். வழியில் ஏதேனும் ஒரு கோவிலில் நற்கருணை சந்தித்துத் திரும்புவார்கள். நம் பங்கிலோ மாதத்தின் எல்லா ஞாயிறு மாலைகளிலும் கூட்டம் இருக்கிறது. ஒரு ஞாயிறு மரியாயின் சேனை, மறு ஞாயிறு வின்சென்ட் தே பவுல் சபை, அடுத்தது அன்பியம், அதற்கடுத்தது பங்குப் பேரவை. ஷிப்டுக்குப் போகிறவருக்குக் கிடைப்பதே அந்த ஒரு மாலை. அதையும் நாமே எடுத்துக்கொள்கிறோம். அவை எல்லாம் நல்ல சபைகள். நானும் ஒன்றில் உறுப்பினன். ஆயினும் இந்தப் பொன்விழா ஆண்டு முதலாக மாதத்தில் ஒரு ஞாயிறு மாலையைக் கூட்டமே இல்லாத மாலையாக விட்டுத்தரும்படி பங்குத்தந்தை அவர்களையும் சபைத் தலைவர்களையும் இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். எந்த ஞாயிறு என்பதை அடுத்த பேரவைக் கூட்டத்தில் முடிவு செய்து பூசையில் அறிவித்தால் போதும்.